சிவப்பில் ஓடும் கேமரா

நவம்பர் 14, 2010, ஞாயிறு

கோகுல் சொன்னான் என்பதற்காக இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊரில் எதைப் படம் பிடித்தேன் என்று அன்றன்றைக்குக் குறித்து வைத்தால்தான் பிறகு கம்ப்யூட்டரில் வரிசையாகச் சேர்க்க முடியுமாம். கோகுல் என் அக்கா மகன், சிங்கப்பூரில் வேலை. போன மாதம் வந்தபோது இந்த வீடியோ கேமராவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். ஒரு கைக்குள் அடங்கிவிடுகிறது. பக்கவாட்டில் சின்னத் திரை ஒன்று கதவு மாதிரித் திறக்கிறது. எச்.டி. என்கிறான். பெரிய டிவியில் போட்டால் ஆளின் மூக்கு மயிர்கூடத் தெரியுமாம். அதை எதுக்குடா நான் பாக்கணும் என்று கேட்டேன்.

பாடம் நடத்தினான். ஓர் இடத்தை எடுத்தால் கையை ஆட்டாமல் அப்படியே நிற்க வேண்டும். விறுவிறுவென்று திருப்பக் கூடாது. சும்மா சும்மா கிட்டே இழுத்து எட்டத் தள்ளக் கூடாது. எடுக்கும்போது பேசக் கூடாது. "பொறுமையா எடுங்க சித்தி" என்று ஒரே பாட்டு. என் பொறுமைக்கு என்ன குறைச்சல்?

இதெல்லாம் எங்க வீட்டுக்காரருக்காகத்தான். மார்ச் மாதம் இவருக்கு வாதம் வந்தது. கால் பரவாயில்லை, கம்பை ஊன்றி நடக்கிறார். பேச்சுதான் போய்விட்டது. ஈரோட்டில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னது, நினைவெல்லாம் பத்திரமாக உள்ளே இருக்கிறது, வார்த்தை வாய்க்கு வந்து சேரத்தான் நேரமாகிறது என்று. முதல் வருஷத்துக்குள் பேசிப் பேசிப் பழகினால் வந்துவிடும், அதற்கப்புறம் கஷ்டம் என்றது. இவரோ ஆடி மாதத்தோடு வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மிச்சம் இருப்பது நாலு மாதம்.

அவருக்குத் தெரிந்த இடங்களைப் படமாகக் காட்டுங்கள், அவராகப் பேர் சொல்லட்டும், நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள் என்றும் அந்தப் பெண் சொன்னது. சின்னப் பெண், அதற்கென்ன தெரியும். ஒரு டம்ளர் மோர் கேட்க இவர் வாயைத் திறந்து மூடும்வரை நான் காத்திருந்தால் அடுப்பில் இருப்பது என்னத்துக்கு ஆகும்? முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும், என்ன வேண்டும் என்று.

இவருக்குத் தெரிந்த இடம் என்றால் வடக்கேதான். கல்யாணமான நாளிலிருந்து காசி, கயா, ஆக்ரா என்று யாத்திரை பஸ் ஓட்டினவர். வருஷத்தில் பாதி நாள் அங்கேதான். நான் பழனிக்கு அந்தப்பக்கம் போனதில்லை. நாளைக்கு எங்கள் சொந்த பஸ்ஸிலேயே யாத்திரைக் கூட்டத்தோடு கிளம்புகிறேன். இவரைப் பார்த்துக்கொள்ள இவருடைய அக்கா நல்லம்மாள் நங்கை வந்துவிட்டார்கள். தாஜ்மகாலை அப்படியே கொண்டுவந்து டிவியில் போடப்போகிறேன். அதைப் பார்த்தாவது வாய் திறக்கட்டும்.

நவம்பர் 15, திங்கள்

காலையில் நாமக்கல்லில் ஆஞ்சநேயருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டோம். வண்டி ஓட்டுகிறவன் குழந்தைவேல். இவரிடம் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவன், இப்போது நாற்பது வயது இருக்கும். என்னைக் கண்டால் கொஞ்சம் பதுங்குவான். பின்னால் கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, இரண்டு சமையல்காரர்கள். அரிசி மூட்டையை டயருக்கு நேர் மேலே வைத்திருந்தார்கள். இறக்கி ஏற்ற வைத்தேன்.

கேமரா ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பெருவிரலுக்கு ஒரு பட்டன். அமுக்கினால் ஓடும், மறுபடி அமுக்கினால் நிற்கும். ஓடுகிறதா நிற்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கோகுல் சொல்லாமலே போய்விட்டான். நானே கண்டுபிடித்தேன். திரையில் மேலே ஓர் எழுத்து வருகிறது. பச்சையாக இருந்தால் ஓடுகிறது. சிவப்பானால் நின்றுவிட்டது. பஸ்காரன் பெண்டாட்டிக்கு இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும்?

எடுத்தது: பெங்களூர் போகிற வழி, மலை, ஒரு ஏரி.

சாயங்காலம் போன் போட்டேன். நங்கை இவர் காதில் வைத்தார்கள். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். சாப்பிட்டிருப்பார். மாத்திரை போட்டீங்களா என்று கேட்டேன். நங்கை கொடுத்திருப்பார்கள். அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க, பனி என்றேன். "ம்" என்றார். நன்றாகப் பேசினோம்.

நவம்பர் 17, புதன்

நாகபுரிக்கு முன்னால் ஒரு பஞ்சாபி தாபாவில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். சாப்பாடு நம்முடையதுதான். இடத்துக்கும் தண்ணீருக்கும்தான் தாபா. வண்டி நின்றதும் தாடியும் தலைப்பாகையுமாக ஒரு பெரிய ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தார். டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தார், குழந்தைவேலைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. இவன் ஏதோ சொன்னான். உடனே அந்த ஆள் என்னிடம் வந்து கும்பிட்டு இந்தியில் பேச ஆரம்பித்தார். பேச்சு என்றால் பேச்சு, நிற்கவே இல்லை. பேர் பல்பீராம், இவருக்குப் பழக்கமாம்.

இந்தியில் பேசினால் எனக்கு என்ன விளங்கும்? அதற்குள் தயிர்சாதத்தை வெயிலில் வைத்துவிட்டான் சமையல்காரன். இரண்டு பேர் ரோட்டைத் தாண்டி ஆரஞ்சுப் பழம் வாங்கப் போய்விட்டார்கள். எல்லாரையும் நான்தான் மேய்க்க வேண்டியிருக்கிறது. பல்பீருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியில் ஏறிவிட்டேன்.

எடுத்தது: ஆரஞ்சுத் தோட்டம். கேமராவை மூடினால் அணைந்துவிடுகிறது, அதனால் இறங்கும் இடத்தில் திறந்தபடியே கழுத்தில் தொங்குகிறது. பேட்டரி வேறு நிற்கமாட்டேன் என்கிறது. இத்தனைக்கும் நான் கொஞ்சம்தான் எடுக்கிறேன்.

நவம்பர் 18, வியாழன்

நாள் முழுக்க ரோடு. எனக்குக் கால் ஓயவில்லை. வண்டிக்குள் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தேன். உட்காருங்க அக்கா என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள்.

நவம்பர் 20, சனி

பிரயாகை. படகில் போனோம். வெள்ளைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து படகைச் சுற்றுகின்றன. பச்சை எழுத்து வந்ததும் கை ஆடாமல் எடுத்தேன். பத்து எண்ணுவதற்குள் எனக்குள் ஏதோ குதிக்கிறது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று மனசு ஓடுகிறது. ஆனாலும் நின்றேன். இந்தப் பறவைகளைப் பார்த்தால் இவர் கட்டாயம் ஏதாவது சொல்வார்.

கரைக்கு வந்து குழந்தைவேலிடம் கேட்டேன், உங்க அண்ணன் இந்தப் பறவையைப் பத்தி என்ன சொல்லுவாரு என்று. அவன் தலையைச் சொறிந்தான். "அண்ணன் எங்கீங்க்கா இங்கெல்லாம் வந்தாரு? சனத்த எறக்கி உட்டுட்டு வண்டிக்கடியில துண்ட விரிச்சுப் படுத்துக்குவம். தூங்குனாத்தானுங்க மறுக்கா ஓட்ட முடியும்."

காசியாவது பார்த்திருப்பார்தானே என்றேன். கோயிலுக்கு ஒரு தடவை போயிருக்கிறாராம். தாஜ்மகால்? இல்லையாம். கோபுரம் மாதிரி ஏதோ ஒன்று மரத்துக்கு மேலே தெரியுமாம்.

அப்படியானால் இவருக்கு எதைக் காட்டுவது? இத்தனை வருஷம் என்னதான் பார்த்தார் இந்த மனுஷன்? வந்து சொல்லியிருக்கலாம் அல்லவா, நான் தாஜ்மகாலைப் பார்த்ததே இல்லை என்று. ஊருக்கு வந்தால் தின்பார், தூங்குவார், "ம்" என்பார். வாதம் வருவதற்கு முன்னாலும் வீட்டில் அளந்து பேசுகிற ஆள்தான். ஊர்க்கதை, பிள்ளை கதை, தோட்டத்துக் கதை எல்லாம் நான்தான் சொல்வேன்.

நவம்பர் 22, திங்கள். காசி

தாள் கிழிகிற மாதிரி அமுக்கி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

காலையில் படித்துறையில் சூரியன் வருவதை எடுக்கலாம் என்று போனால், கேமராவில் ஏதோ இங்கிலீஷில் வந்து நின்றுவிட்டது. கோகுலுக்குப் போன் போட்டேன். கார்டு நிறைந்துவிட்டது என்றான். எப்படி நிறையும், நான் எடுத்ததே கொஞ்சம் என்றேன். எடுத்ததைப் போட்டுப் பாருங்க சித்தி என்று வழி சொன்னான். போட்டேன்.

முதல் படம்: என் கால். அப்புறம் எங்கள் வண்டியின் டயர். அப்புறம் தரை, செருப்பு, ஒரு நாயின் வால், வாளி, கரண்டி, யாரோ ஒருத்தரின் வேட்டி. தலைகீழாக ஒரு டீக்கடை. மலை இல்லை, ஏரி இல்லை. ஒரு பறவை, ஒரே ஒரு பறவைகூட இல்லை. எப்போதெல்லாம் நான் எடுக்கவில்லையோ அப்போதெல்லாம் எடுத்திருக்கிறது. எடுத்தபோதெல்லாம் எடுக்கவில்லை.

கோகுல் சிரித்த சிரிப்பு சிங்கப்பூரிலிருந்து காசிக்குக் கேட்டது. "சித்தி, சிவப்புன்னாத்தான் ஓடுதுன்னு அர்த்தம். பச்சைன்னா தயாரா இருக்குதுன்னு."

எந்த ஊரில் சிவப்புக்கு வண்டி ஓடும்? இந்தக் கேமராவைச் செய்தவன் ஒரு நாளாவது ரோட்டில் போயிருப்பானா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு மாதத்தில் ஒரு வாரம் போச்சு. அந்தப் பறவைகள் திரும்ப வருமா?

பழைய குப்பையை அழித்துவிட்டு மறுபடி எடுங்க என்றான் கோகுல். எப்படி அழிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தான்.

நவம்பர் 23, செவ்வாய். காசி

அழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சத்திரத்து முற்றத்தில் உட்கார்ந்து போட்டேன். படத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் சத்தம் கணீரென்று இருக்கிறது. யாரோ ஒரு பெண்பிள்ளை கத்திக்கொண்டே இருக்கிறாள். மூட்டையை அங்க வைக்காதே, இங்க வை, ஏறு, எறங்கு, ஏனப்பா சட்டினியில உப்பு இல்ல, நீ சும்மா இரு நான் சொல்றேன். மூச்சு விடுகிற மாதிரியே தெரியவில்லை. பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த குழந்தைவேலைக் கூப்பிட்டு, யாருடா இவள், நம்ம வண்டியில் இப்படி ஒரு வாயாடி எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். அப்புறம் துணியைப் பார்த்தான்.

என் குரல் அப்படி இல்லை. மெஷினில் எல்லார் குரலும் மாறித்தான் கேட்கும்.

நாகபுரி தாபாவில் நடந்ததும் அதில் இருக்கிறது. பல்பீரின் கால் தெரிகிறது, பெரிய தோல் செருப்பு. அவர் சென்னியப்பன், சென்னியப்பன் என்று இவர் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். ஏதோ சொல்லி அவரே சிரிக்கிறார். அப்புறம் சட்டென்று நிறுத்துகிறார். மறுபடி நீளமாக ஏதோ சொல்கிறார். என்ன சொல்கிறார் என்று குழந்தைவேலைக் கேட்கச் சொன்னேன். காதோடு வைத்துக் கேட்டான். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

"ஒண்ணும் வெளங்கலீங்க்கா. அவரு வாயத் தொறக்கறப்பல்லாம் உங்க சத்தம் மேல உழுந்துருது."

உண்மைதான். தயிர்சாதம், தயிர்சாதம் என்று என் சத்தம்தான் கேட்கிறது.

பல்பீருக்கும் இவருக்கும் அப்படி என்ன பேச்சு இருக்க முடியும் என்று கேட்டேன். குழந்தைவேல் நெளிந்தான். அண்ணன் வந்தால் தாபாவே களைகட்டிவிடுமாம். லாரிக்காரர்கள் எல்லாம் கட்டிலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்வார்களாம். அண்ணன் கதை சொன்னால் சிரித்துச் சிரித்துக் குப்புற விழுவார்களாம். இந்தியில் சொல்வாராம், கன்னடத்தில் சொல்வாராம், தெலுங்கில் சொல்வாராம்.

இவரா? எங்க வீட்டில் "ம்" என்கிற இவரா?

அப்போ வீட்டுல ஏன் வாயத் தொறக்கல என்று கேட்டேன். குழந்தைவேல் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போகிறபோது, "உங்களுக்கு முன்னால நாங்கெல்லாம் எப்பீங்க்கா பேசறது" என்றான். கொழுப்பு அதிகமாகிவிட்டது அவனுக்கு.

வயிறு எரிகிறது. யாரோ பஞ்சாபிக்காரனுக்குச் சொல்ல இவருக்குக் கதை இருந்திருக்கிறது. என்ன கதை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். திரும்பும்போது அதே தாபாவில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். வழி சுற்றோ, என்னவோ, வண்டி எங்களுடையது.

பழையதை அழிக்கவில்லை. கடைவீதியில் புதுக் கார்டு வாங்கிவிட்டேன்.

நவம்பர் 25, வியாழன். ஆக்ரா

வண்டியைத் தாஜ்மகாலுக்குப் பக்கத்தில் விடுவதில்லை. எட்ட நிறுத்திவிட்டு பேட்டரி வண்டியில் போக வேண்டும். வீடியோ கேமராவைப் பெரிய வாசல் தாண்டி உள்ளே கொண்டுபோகவும் விடுவதில்லை. வாசல் படியில் நின்றே எடுத்தேன். சிவப்பு எழுத்து. மூன்று தடவை சரிபார்த்தேன். கால் துடித்தாலும் அசையவில்லை. படம் வெள்ளைவெளேரென்று கண்ணாடி மாதிரி விழுந்திருக்கிறது. போட்டுப் பார்த்தேன், கல்லில் இருக்கிற பூ வேலைகூடத் தெரிகிறது. கோகுல் பார்த்தால் வாயைப் பிளப்பான்.

திரும்பி வந்தால் குழந்தைவேல் வண்டிக்கடியில் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் அவன் படுத்திருந்ததையும் எடுத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. கார்டில் இடம் இருந்தது.

நவம்பர் 26, வெள்ளி. மதுரா

போன் போட்டேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்து பார்த்தேன். மூச்சுச் சத்தம் கேட்டது. ஏதோ சொல்ல வருகிற மாதிரிகூட இருந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று பயந்து, சரி சரி தூங்குங்க என்று சொல்லி நானே வைத்துவிட்டேன்.

நவம்பர் 29, திங்கள்

நாகபுரி தாபா.

பல்பீரிடம் குழந்தைவேலை விட்டுக் கேட்டேன், எங்க வீட்டுக்காரர் இங்கே என்ன கதை சொல்வார் என்று. பல்பீர் கண்ணை அகல விரித்துக் கேட்டார், சென்னியப்பன் வீட்டம்மா நீங்கள்தான் என்றால் உங்களுக்கே தெரியாதா என்று. போன தடவையும் அதைத்தானாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேமராவைப் பிடித்தேன். சிவப்பு.

அந்த மனுஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைப்பாகைக்கு மேலே முக்காடு மாதிரிப் போட்டார். ஒரு கையை இடுப்பில் வைத்தார். தாடியை ஓர் ஆட்டு ஆட்டினார். "ஏனுங்க! காதுல உழுகுதுங்களா? ரோட்டப் பாருங்க ரோட்ட!" என்றார்.

தமிழில். எங்கள் பக்கத்துத் தமிழில், ஒரு பஞ்சாபிக்காரர். சுற்றி இருந்த லாரிக்காரர்கள் எல்லாம் கட்டிலைத் தட்டிச் சிரித்தார்கள். எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது. ஒருத்தர், "சோத்தத் தின்னுட்டுப் பேசுங்க!" என்று அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார். என் குரல்தான். எனக்கே தெரிந்தது.

என்னை வைத்துத்தான் சிரித்திருக்கிறார்கள். நாகபுரியிலிருந்து காசி வரை என் மானம் போயிருக்கிறது. கேமராவைத் தூக்கி எறியலாம் போல வந்தது. குழந்தைவேல் பயந்துபோய் என் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வெடியக்காலம் எல்லாருக்கும் கண்ணக் கட்டற நேரத்துல, அண்ணன் ஸ்டீரிங்கப் புடிச்சுட்டு உங்களாட்டமே பேச ஆரம்பிச்சுருவாருங்க. சாரதா பக்கத்துல உக்காந்து பேசறாப்பல இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வராதுடாம்பாரு. அப்படியேதானுங்க இத்தன வருசமும் வண்டி பத்தரமா ஊடு வந்து சேந்துச்சு."

பல்பீர் கேமராவைப் பார்த்து இவருக்காக ரொம்ப நேரம் ஏதோ சொன்னார். இந்தியில்தான். நான் கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குள் தயிர்சாதம் புளித்துப்போனது, ஆட்கள் ரோட்டுக்குப் போனார்கள், வந்தார்கள். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 30, செவ்வாய்

வண்டியில் எல்லாரும் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள். தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கே நல்ல குளிர்.

டிசம்பர் 2, வியாழன்

வீடு. இவர் இளைத்துத்தான் போயிருக்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். கொண்டுவந்த காசித் தீர்த்தத்தைக் கொடுத்தேன், குடித்தார், படுத்துக்கொண்டார். நான் இல்லாத நாளெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். நங்கை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்கள். துணி மூட்டையைத் துவைக்கவே பாதி நாள் போனது.

டிசம்பர் 3, வெள்ளி

கோகுல் கொடுத்த வயரை டிவியில் சொருகி, புதுக் கார்டைப் போட்டேன். இவரைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்தேன். தாஜ்மகால் டிவி முழுக்க வந்தது. நங்கை கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், அது சமாதி நங்கை என்றேன். என்ன ஒரு தெளிவு. இது என்னங்க, தெரியுதுங்களா, தாஜ்மகாலுங்க என்றேன்.

இவர் பார்த்தார். யாருடைய கல்யாண ஆல்பத்தையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

பல்பீரின் படத்தைப் போடவில்லை. நங்கை முன்னால் எப்படிப் போடுவது? அவர் என்னை மாதிரி நடிக்கிறதை இந்த ஊருக்கும் காட்ட வேண்டுமா?

ஈரோட்டுப் பெண் போனில் கேட்டது, ஏதாவது சொன்னாரா என்று. இல்லை என்றேன். மூன்று மாதம் சொச்சம் இருக்கு பாத்துக்கலாங்க என்றது. பாத்துக்கலாமாம். பார்ப்பது நான் அல்லவா?

டிசம்பர் 4, சனி

பாத்திரம் கழுவினேன். மிளகாய் காயவைத்தேன். காயாத மிளகாயைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

டிசம்பர் 5, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல், நங்கை கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எனக்கு ஒரே ஆங்காரம். வேறு ஒன்றும் இல்லாவிட்டால் இதையாவது பார்த்துத் தொலைங்க என்று பழைய கார்டைப் போட்டுவிட்டேன், அந்தக் குப்பைக் கார்டை.

டயர் வந்தது. தரை வந்தது. நாமக்கல்லில் மூட்டை ஏற்றுகிற சத்தம் வந்தது. அந்த டிவியில் என் குரல் வீடு நிறையக் கேட்டது. நங்கை முதலில் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள், அப்புறம் அவரைக்காயைப் பார்த்தார்கள்.

தாபா வந்தது. கயிற்றுக் கட்டிலின் கால், சிமெண்டுத் தொட்டி, தொட்டி ஓரமாக ஒரு வேப்பமரத்து அடி. நான் டிவியைப் பார்க்கவில்லை, இவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு அசைந்தது. தலையைத் திருப்பினார். அப்புறம் உடம்பைத் திருப்பினார். நல்ல கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். தூக்கிவிடுவதற்கு நான் போகவில்லை. போகத்தான் இருந்தேன், எப்படியோ போகவில்லை.

வாய் திறந்தது. "நா" என்றார். நின்றுவிட்டது. முகமெல்லாம் இழுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. என் நாக்கு நுனியில் நாகபுரி நின்றது. இன்னும் ஒரு நொடி ஆனால் விழுந்துவிடும். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். எனக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே பால்காரர் மணி அடித்துக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"நாக்... பூரு."

நங்கை கையில் இருந்த அவரைக்காய் அப்படியே நின்றது. இவர் அந்தத் தொட்டியைக் காட்டினார். மறுபடி இழுத்தது. "பல்... பீரு... தொட்டி." வியர்த்து ஊற்றியது. கண் டிவியை விட்டு நகரவில்லை. ஆடி மாதத்துக்கு அப்புறம் இந்த வீட்டில் இவர் குரல். எனக்கு அழுகை வந்தது, அழுதேன், அதை எழுதுவதில் என்ன வெட்கம்.

டிவியில் பல்பீர் பேச ஆரம்பித்தார். உடனே என் சத்தம் அதன் மேல் விழுந்தது. வெயிலில் தயிர்சாதத்தை வைத்தது யார், அறிவு இருக்கா, அங்க பாரு ரெண்டு பேரு ரோட்டத் தாண்டறாங்க. நிற்காமல் வந்தது. நங்கைக்கு என்னை நினைத்துச் சங்கடமாகப் போயிருக்க வேண்டும். தம்பி பாவம் இப்பத்தான் வாய் திறக்கிறான், இந்தக் கத்தலில் பயந்துவிடுவான் என்றும் நினைத்திருப்பார்கள். மெதுவாக ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்கள். குறைந்து குறைந்து ஒன்றும் கேட்காமல் ஆயிற்று.

இவர் கையைத் தூக்கினார். "இ" என்றார்.

நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்தேன். இது வேண்டாம், போதும் என்கிறார். சொல்லட்டுமே, அவருக்கு உரிமை இருக்கிறது. நானே எழுந்து போய் வயரைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது. முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நங்கை கேட்டார்கள், "என்ன சாமி, அமத்தறதா?" இவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். உதடு இரண்டு தடவை சும்மா அசைந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது.

"இருக்... கட்டும். அவ... பேசட்டும்."

நங்கை சத்தத்தைக் கூட்டினார்கள். டிவியில் நான் சமையல்காரனைத் திட்டி முடித்து ஆரஞ்சு வாங்கப் போனவர்களைத் திட்ட ஆரம்பித்திருந்தேன். இவர் தலையணையில் சாய்ந்துகொண்டார். மூன்று பேரும் உட்கார்ந்து கடைசிவரை கேட்டோம்.